எனக்கு மட்டும் ஏன் தரிசனம் வருவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல வடசென்னையிலிருந்து வந்தவை, அதிலும் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஆவிக்குரிய கண், மனக்கண், உள்ளத்தில் கிடைக்கும் வெளிச்சம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் கஷ்டப்பட்டபோது எங்கள் தெருவில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே எல்லாருக்கும் தரிசனம் வருகிறது. ஒருவர் வெளிச்சம் பார்க்கிறார், ஒருவர் தூதனைப் பார்க்கிறார். எனக்குக் கண்ணை மூடினால் கடன் கொடுத்தவர் முகம்தான் வருகிறது. கூட்டம் நடத்துகிறவர், "உங்கள் படகின் மேல் கறுப்பாக ஒரு கட்டு இருக்கிறது, உன் ஆவிக்குரிய கண் அடைபட்டிருப்பதால் உனக்குத் தெரியவில்லை, பக்கத்திலேயே ஒருத்தர்தான் செய்திருக்கிறார்" என்று சொல்லி, விசேஷ உபவாச ஜெபத்துக்குக் காணிக்கை கேட்கிறார். அன்றிலிருந்து எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தாலே சந்தேகமாக இருக்கிறது, ராத்திரி தூக்கமும் இல்லை. தேவன் என் கண்ணை ஏன் திறக்கவில்லை?
– வாசகி, காசிமேடு

பதில்: சகோதரி, முதலில் காணிக்கை விஷயம். கொடுக்காதீர்கள். கடன் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கித் திரும்பி வந்து காணிக்கையை நீட்டியபோது எலிசா தீர்க்கதரிசி வாங்க மறுத்துவிட்டார், வருந்திக் கேட்டும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப் போய், பொய் சொல்லி, 2 தாலந்து வெள்ளியும் 2 மாற்று வஸ்திரங்களும் வாங்கிக்கொண்டு வந்தவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. அவனுக்கு என்ன ஆனது என்று 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

அதற்கு அடுத்த அதிகாரம்தான் உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறது. ஆவிக்குரிய கண் திறப்பதைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் எடுத்துக் காட்டுகிற இடம் அது. தோத்தான் பட்டணத்தை ராத்திரியோடு ராத்திரியாகச் சீரியரின் படை வளைத்துக்கொள்கிறது. காலையில் எழுந்து வெளியே வந்த வேலைக்காரப் பையன் குதிரைகளையும் இரதங்களையும் பார்த்துவிட்டு ஐயோ என்று அலறுகிறான். எலிசா வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை "பயப்படாதே". அப்புறம்தான் ஜெபம்: "கர்த்தாவே, இவன் பார்க்கும்படி இவன் கண்களைத் திறந்தருளும்." எனக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை என்று அவர் அந்தப் பையனைக் கீழே வைக்கவில்லை; அவனே பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவன் பார்த்தான், மலை முழுக்க அக்கினி இரதங்கள். பெரும்பாலான பிரசங்கங்கள் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன, எனக்கு அதில் ரொம்ப வருத்தம், ஏனென்றால் மிச்சக் கதைதான் முக்கியம். வளைக்க வந்த படை பார்வை மயங்கிச் சமாரியாவுக்குள் கொண்டுபோகப்படுகிறது, இஸ்ரவேலின் ராஜா வெட்டிவிடலாமா என்று கேட்கிறான், எலிசா கூடாது, அப்பமும் தண்ணீரும் வை என்கிறார், ராஜா பெரிய விருந்தே வைத்து அவர்களை ஊருக்கு அனுப்புகிறான். கண் திறந்ததில் ஆரம்பித்த கதை பகைவனுக்குச் சோறு போடுவதில் போய் நிற்கிறது.

இப்போது உங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். அந்தத் "தரிசனத்துக்கு" அப்புறம் பயம் கூடியிருக்கிறது, தூக்கம் போயிருக்கிறது, எதிர்வீட்டுப் பெண் விரோதியாகியிருக்கிறாள். ஒரு காட்சி தேவனிடமிருந்து வந்ததா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல அடையாளம் தெரியவில்லை. "தன் சகோதரனைப் பகைக்கிறவன் இருளிலே இருந்து, இருளிலே நடக்கிறான்; இருளானது அவன் கண்களைக் குருடாக்கினபடியால்..." என்று 1 யோவான் 2:11 சொல்கிறது. பக்கத்து மனுஷியைப் பகைக்க வைக்கிற எதுவும் கண்ணைத் திறக்காது, மூடத்தான் செய்யும். அப்புறம் படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன, மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசாங்கம் போட்ட தடை அது. உங்கள் படகு மட்டும் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கவில்லை. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

தரிசனமே பொய் என்று நான் சொல்லவில்லை. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று பவுல் எழுதினார். அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றும் எழுதினார். யோப்பா பட்டணத்தில் பேதுருவுக்குத் தரிசனம் வந்தது, விளைவாக அதுவரை காலெடுத்து வைக்காத, யூதனல்லாத ஒரு புறஜாதியான் வீட்டுக்குள் போனார். தமஸ்குவில் அனனியா என்ற விசுவாசிக்குத் தரிசனம் வந்தது, நேர்த்தெருவுக்குப் போய்ச் சவுலைத் தேடு என்று. சவுல் என்றால், பிற்பாடு பவுல் ஆனவன்தான், அப்போது விசுவாசிகளைக் கட்டிக்கொண்டு போக அதிகாரத்தோடு வந்தவன். அனனியா பயந்துகொண்டேதான் போனார். வழியில் பார்வை இழந்திருந்த சவுலின் கண்களிலிருந்து "மீன் செதிள்கள் போன்றவைகள்" விழுந்தது என்று எழுதியிருக்கிறது. செதிள் எப்படிப்பட்டது என்று காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களின் முழங்கை வரைக்கும் ஒட்டிக் காய்ந்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும் ஒன்றிரண்டு போகாமல் மினுங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தச் செதிள் விழுவதற்கு முன்பே அனனியா அவன் மேல் கை வைத்து "சகோதரனாகிய சவுலே" என்று கூப்பிட்டாரே, அதைக் கவனியுங்கள். அந்த அறையில் முதலில் கண் திறந்தது அனனியாவுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

எபேசு சபைக்காகப் பவுல் "பிரகாசமுள்ள மனக்கண்களை" கேட்டு ஜெபிக்கிறார். அந்தக் கண் எதைப் பார்க்க வேண்டும் என்று அவரே வரிசையாகச் சொல்லிவிடுகிறார்: தேவன் அழைத்ததினால் உண்டான நம்பிக்கை, பரிசுத்தவான்களிடத்தில் அவருக்கு இருக்கிற சுதந்தரத்தின் ஐசுவரியம், விசுவாசிக்கிறவர்களிடத்தில் வேலை செய்கிற அவருடைய வல்லமை. வெளிச்சமோ தூதனோ கறுப்புக் கட்டோ அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணை மூடினால் கடன் கொடுத்தவர் முகம் வருகிறது என்றீர்களே, அதையே சொல்லி ஜெபம் பண்ணுங்கள். "கர்த்தாவே, என் சத்துருக்கள் எவ்வளவாய்ப் பெருகியிருக்கிறார்கள்" என்று மூன்றாம் சங்கீதம் ஆரம்பிக்கிறது, தாவீது கண்ணை மூடியபோதும் முகங்கள்தான் வந்திருக்கின்றன. அதே சங்கீதத்தில் ஐந்தாம் வசனத்தில் அவர் படுத்துத் தூங்கிவிடுகிறார்.

எதிர்வீட்டுப் பெண்ணோடு இந்த வாரமே பேசுங்கள். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் தடைக்காலத்தில் உங்கள் வீட்டு அடுப்பு மாதிரிதானே எரிந்திருக்கும்.

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். வேதாகமத்தை ஒழுங்காக வாசிக்கிறேன், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எங்கள் ஆயா பள்ளிக்கூடமே போகாதவர், நான் வாசித்துக் காட்டினால் ஒரு வசனத்துக்கு ஏதாவது சொல்வார், அது சரியாக இருக்கும். அப்படியென்றால் படிப்புக்கும் ஆவிக்குரிய அறிவுக்கும் சம்பந்தமே இல்லையா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: சம்பந்தம் இருக்கிறது தம்பி. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான், பிலிப்பு ஓடிப் போய், வாசிக்கிறது புரிகிறதா என்று கேட்கிறார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அவன் பதில் சொல்கிறான். படித்தவன், பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவன், கூச்சப்படாமல் கேட்டான். பிலிப்பும் உபவாசம் இரு, தானாகப் புரியும் என்று சொல்லாமல், பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அந்த வேதவாக்கியத்திலிருந்தே விளக்கினார். எம்மாவு என்ற ஊருக்கு இரண்டு சீஷர்கள் போன வழியிலும் உயிர்த்தெழுந்த ஆண்டவர் செய்தது அதுதான், மோசே முதல் தீர்க்கதரிசிகள் வரைக்கும் எடுத்து விளக்கிக்கொண்டே நடந்தார். அவர்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது வழியில், கண் திறந்தது அப்பம் பிட்டபோது. ஆக விளக்கம் கேட்கிறதும் வேண்டும், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறதும் வேண்டும்.

உங்கள் ஆயா விஷயம் வேறு. அவர் பல வருடங்களாக அந்த வசனங்களின்படி நடந்திருப்பார் என்று நினைக்கிறேன். "அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன்" எவனோ அவனே உபதேசத்தை அறிந்துகொள்வான் என்று யோவான் 7:17இல் இருக்கிறது. மன்னிக்கிறதைப் பற்றிய ஒரு வசனம், யாரையாவது உண்மையில் மன்னித்தவருக்கு ஒரு மாதிரியும், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தவருக்கு வேறு மாதிரியும்தான் புரியும். வேறு வழி இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். தினம் ஒரு அதிகாரம் என்று கணக்கு முடிப்பதை நிறுத்திவிட்டு, மாற்கு சுவிசேஷத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மொத்தமாக வாசியுங்கள், 16 அதிகாரம்தான், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். அதில் பார்வை கிடைக்கிற சம்பவம் இரண்டு இருக்கிறது. எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் ஒருவன், அவனுக்கு ஒரே தடவையில் சரியாகவில்லை, முதலில் "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான், ஆண்டவர் மறுபடியும் கை வைக்கிறார். பத்தாம் அதிகாரத்தின் கடைசியில் எரிகோவில் பர்திமேயு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இயேசு தாம் பாடுபடப் போவதை மூன்று தடவை சொல்கிறார், மூன்று தடவையும் சீஷர்களுக்கு ஏறவில்லை. பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறார், அப்புறம் எல்லாரும் யார் பெரியவன் என்று சண்டை போடுகிறார்கள், அப்புறம் யாக்கோபும் யோவானும் வலது பக்கம் இடது பக்கம் நாற்காலி கேட்கிறார்கள். உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த இரண்டு பேரிடமும் கேட்ட அதே கேள்வியைத்தான் கொஞ்ச நேரத்தில் பர்திமேயுவிடமும் கேட்கிறார். அவன் பார்வை கேட்டான். கூடவே இருந்த பேதுருவே அப்போது மனுஷரை மரமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தம்பி. இரண்டாம் வருடத்திலேயே எல்லாம் தெளிவாகத் தெரியவில்லை என்று சோர்ந்து போகாதீர்கள். வாசிக்கும்போது ஆயாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசியுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது, நிழலாட்டமாக மட்டும் தெரிகிறது. சபையில் பாவிகளைக் "குருடர்கள், குருடர்கள்" என்று பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொள்கிறார். போன வாரம் ஒரு அக்கா நேராக வந்து, "விசுவாசம் இருந்தால் இதற்குள் பார்வை வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவே இல்லை. நான் அந்த அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: மகளே, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்த அக்காவுக்கு முன்னால் உங்கள் அம்மாவுக்குச் சொல்கிறேன், வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனை நிறுத்தி வைத்துக்கொண்டு, அவன் காது கேட்கவே, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று கேட்டார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று ஆண்டவர் சொன்னார். இதற்கு மேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அந்த மனிதனைச் சீலோவாம் குளத்தில் கழுவிக்கொள்ளச் சொன்னார். (எருசலேமில் 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியபோது அந்தக் குளத்தின் படிக்கட்டுகள் வெளியே வந்தன.) அவன் பார்வையோடு திரும்பி வந்த அப்புறம்தான் உண்மையான கதை நடக்கிறது. அந்த மனிதன் முதலில், இயேசு என்று ஒருவர் என்கிறான். விசாரணையில் தீர்க்கதரிசி என்கிறான். நெருக்க நெருக்க, தேவனிடத்திலிருந்து வந்தவர் என்கிறான். கடைசியில் "ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்" என்று பணிந்துகொள்கிறான். அவனை விசாரித்த வேதபண்டிதர்களோ அதே அதிகாரத்தில் படிப்படியாகப் பார்வை இழந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் மாம்சக் கண் நன்றாகத்தான் இருந்தது அம்மா. "நீங்கள் காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது" என்று ஆண்டவர் சொன்னது அவர்களிடம். பார்வை இல்லாத ஒருவரையும் அவர் அந்த வார்த்தையால் அடிக்கவில்லை.

இன்னொன்று. யோசேப்பின் அப்பா யாக்கோபு கிழவனானபோது கண் மங்கிப் போயிருந்தது. யோசேப்பு தன் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து, மூத்தவன் வலது கைக்கு நேராக வரும்படி நிறுத்துகிறார். கிழவரோ கையைக் குறுக்காக மாற்றி வலது கையை இளையவன் எப்பிராயீம் தலையில் வைக்கிறார். கண் தெரியாமல் தப்பாக வைத்துவிட்டார் என்று யோசேப்பு அந்தக் கையைப் பிடித்து நகர்த்தப் பார்க்கிறார். "எனக்குத் தெரியும், என் மகனே, எனக்குத் தெரியும்" என்கிறார் யாக்கோபு. அந்த வீட்டில் தேவன் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்தவர் அந்தப் பார்வை மங்கிய கிழவர் ஒருவர்தான். எரிகோவில் அத்தனை பெரிய கூட்டத்தில் இயேசுவைத் "தாவீதின் குமாரனே" என்று கூப்பிட்டவனும் பார்வை இல்லாத பர்திமேயுதான், பார்வை கிடைப்பதற்கு முன்பே. உங்களைக் குனிய வைக்கிற பிரசங்கத்தைக் கேட்டுத் தலை குனியாதீர்கள்.

இனி மகளுக்கு. அந்த அக்காவிடம் யோவான் 9:3ஐக் காட்டுங்கள், சண்டை வேண்டாம். உங்கள் ஆயரிடமும் தனியாகப் போய்ப் பேசுங்கள், "என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் ஐயா" என்று. பிரசங்கம் பண்ணுகிற எங்களில் பலருக்கு அந்த எண்ணமே வருவதில்லை, சொன்னால் திருத்திக்கொள்வார்கள்.

நிழலாட்டமாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய் விழித்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. போன பார்வை பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது, ஆனால் லேசர், ஊசி மருந்து மூலம் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும், கூடவே கண்புரையும் சேர்ந்திருந்தால் அதை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது, உலகத்திலேயே பழைமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று, திருவொற்றியூரிலிருந்து போய்வர முடியாத தூரமும் இல்லை. பழைய சர்க்கரை ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு கூட்டிப் போங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்கா வைத்தியர் என்று கொலோசெயர் 4:14இல் இருப்பதைக் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள், பிப்ரவரியில் பெரம்பூர் லூர்து அன்னை திருவிழாவுக்குத் தவறாமல் போவோம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் நண்பன், லூர்து காட்சி எல்லாம் ஏமாற்று என்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: நான் சீர்திருத்த சபைக்காரன், மரியாளைப் பற்றி உங்கள் திருச்சபை சொல்கிற எல்லாவற்றையும் என்னால் ஏற்க முடியாது. ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பிரான்ஸின் லூர்து ஊரில் 18 முறை மரியாளின் காட்சி கண்டதாகச் சொன்ன பெர்னதெத்துக்கு அப்போது 14 வயது, பரம ஏழை வீடு, அதை வைத்துக் காசு பார்க்கவே இல்லை. அந்த மறைமாவட்ட ஆயர் உடனே நம்பிவிடாமல் குழு போட்டு விசாரித்து 1862இல்தான் அது நம்பத்தக்கது என்று அறிவித்தார். பெர்னதெத் 1866இல் நெவேர் என்ற ஊரில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, நோயாளிகளைக் கவனித்து, தானும் நோயில் கிடந்து 1879இல் 35 வயதில் இறந்தார். இப்படிப்பட்ட தனிப்பட்ட காட்சிகள் விசுவாசத்தின் அடிப்படையோடு சேராது என்று கத்தோலிக்க மறைக்கல்வியே சொல்கிறது. அதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அப்புறம் அவர் சபையில் சொல்லப்படும் தரிசனங்களை யார், எத்தனை நாள் சோதித்தார்கள் என்று அன்பாகக் கேளுங்கள். மேலே காசிமேட்டுச் சகோதரிக்கு எழுதியதை இரண்டு பேரும் சேர்ந்து படித்தால் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: வளைகுடாவில் வேலை வந்திருக்கிறது. வீட்டில் பெரிய சண்டை நடந்த ராத்திரி ஜெபம் பண்ணும்போது "போ" என்று உள்ளத்தில் தெளிவாக ஒரு குரல் கேட்டது. மனைவி வேண்டாம் என்கிறாள். தேவ சத்தத்துக்குக் கீழ்ப்படிவதா, மனைவி பேச்சைக் கேட்பதா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இரண்டையும் எதிரெதிராக வைக்க வேண்டாம் ஐயா. நியாயாதிபதிகள் 13இல் மனோவாவும் அவர் மனைவியும் ஒரே தூதனைத்தான் பார்த்தார்கள். தேவனைக் கண்டோம், சாகவே சாவோம் என்று மனோவா நடுங்குகிறார். கர்த்தர் நம்மைக் கொல்லச் சித்தமாயிருந்தால் நம் கையிலிருந்து பலியை ஏற்றிருப்பாரா என்று மனைவி நிதானமாகக் கேட்கிறாள். பார்த்தது இரண்டு பேரும், புரிந்துகொண்டது அவள்.

1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்துக் கிடந்த, பிற்பாடு இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா, தன் மனதில் ஓடுகிற எண்ணங்களைக் கவனிக்க ஆரம்பித்தார். சில எண்ணங்கள் வரும்போது இனித்து, போன பின் மனதை வறட்சியாக்கிவிட்டன. சில எண்ணங்கள் போன பின்னும் சமாதானத்தை விட்டுச் சென்றன. பிற்பாடு அவர் எழுதிய விதிகளில் ஒன்று, மனம் இருண்டு கலங்கியிருக்கும் நேரத்தில் புதிய முடிவு எடுக்காதே, அதற்கு முன் தெளிவாக எடுத்த முடிவிலேயே நில் என்பது. நீங்கள் குரல் கேட்டது சண்டை நடந்த ராத்திரி. அந்த நேரத்தில் எந்த மனுஷனுக்கும் உள்ளே "போ" என்றுதான் கேட்கும். தேவன் பேசியிருந்தால் பத்து நாள் கழித்தும் அதையே பேசுவார், அவர் அவசரப்படுத்துகிறவர் இல்லை. சமாதானமான ஒரு நாளில் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணுங்கள், போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் மனதில் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சமாதானம் தங்குகிறது என்று கவனியுங்கள்.

அதோடு, மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. கேட்டீர்களா? ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது எல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், அதையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பாருங்கள். அவர் கேட்கிற கேள்விகளுக்கு ஏஜென்ட்டிடம் பதில் வாங்கிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.